பதினாலு இழை

மதிவதனியின் கை சுட்டுக்கொண்டதை அவளுக்கும் முன்னதாகப் பார்த்தவள் நான். போன வருஷம் ஆவணி மாதம். பச்சையப்பன் வீட்டுத் தறியில் இரண்டு பேரும் பாவு பிணைத்துக்கொண்டிருந்தோம். அவர் சம்சாரம் டீ கொண்டுவந்து வைத்தாள். சில்வர் டம்ளர், ஆவி பறந்தது. நான் முந்தானையைச் சுற்றிப் பிடித்தும் பொறுக்காமல் கீழே வைத்துவிட்டேன். மதி வெறும் கையால் எடுத்துப் பிடித்துக்கொண்டு தான் போகப்போகிற ஒடிசாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தபோது ஆள்காட்டி விரலின் ஓரமாக நீளமாய் ஒரு சிவப்புத் தடம் இருந்தது.

"இன்னாடி, சூடு தெரியலியா உனக்கு?"

அவளும் அப்போதுதான் விரலைப் பார்த்தாள். "நூலு புடிச்சிப் புடிச்சிக் காய்ச்சிப் போன கைக்கா. இதுக்கு இன்னா தெரியப் போவுது" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். எங்கள் தெருவில் யாருடைய விரலைத் தொட்டாலும் அப்படித்தான் இருக்கும். பட்டு இழை பார்க்கத்தான் மெத்தென்று இருக்கும், வருஷக்கணக்கில் பிடித்தால் தோலை மரக்கட்டை ஆக்கிவிடும். அதனால் ஆரணியில் ஒருத்தி கை மரத்துப்போச்சு என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்த அலட்சியத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. மூன்று சேலை நெய்து இறக்கினால் ஒரு பாவு முடிந்துவிடும். பழைய பாவின் நுனிகளைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. முடிச்சுப் போடக்கூடாது, போட்டால் தறியின் அச்சுக்குள் நுழையாது. விரலில் சாம்பலைத் தொட்டு, இரண்டு நுனியையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே ஒரு முறுக்கு. அந்த முறுக்கு பிடித்ததா இல்லையா என்று விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. நான் வலது ஓரத்திலிருந்து வருவேன், மதி இடது ஓரத்திலிருந்து வருவாள், நடுவில் சந்திப்போம். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். நான் தொட்டுக்கொள்வது அம்மன் கோயில் திருநீறு. அவள் தொட்டுக்கொள்வது டீக்கடை அடுப்புச் சாம்பல். "என்னுது ரெண்டு இழை கூடப் புடிக்கும்டி" என்பேன். "அது உன் கைதான் புடிக்குதுக்கா, சாம்பலு இல்ல" என்பாள்.

மதி எங்களுக்கு அடுத்த தெருப் பெண். தறிக்காரர் சின்னக்கண்ணுவுக்கு மூன்றாவது மகள். பத்தாவது படித்தாள், இருபது வயதில் சேத்துப்பட்டு சந்திரமோகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பவர்லூம் மெக்கானிக். கை சுத்தமான வேலைக்காரன், ஆனால் குடி. நாலு வருஷம் அவள் பட்ட பாட்டை நான் சொன்னால் எனக்கே கோபம் வரும். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ கூட்டாளி அவனை ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துப் போனான். அன்றோடு விட்டான். நாற்பது நாள் தாங்காது என்று நான் வெளிப்படையாகவே சொன்னேன். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. எந்தச் சாமி விட வைத்ததோ, அந்தச் சாமிக்கு என் கும்பிடு.

மதி அவன் பின்னால் நடந்துபோனவள் இல்லை. அவனைவிட வேகமாகப் போய்விட்டாள். வேலைக்கு நடுவில் உச்சிப்பொழுதில் பத்து நிமிஷம் எழுந்து பின்பக்கம் கிணற்றடிக்குப் போய்விடுவாள், ஜெபத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி பேசுவாள் கர்த்தரிடம். பால் பொங்கிப் போனதைக்கூடச் சொல்வாள். சந்திரமோகன் இரண்டு வருஷம் ஊழியப் பயிற்சி முடித்தான், தேவிகாபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு வண்டியில் போய் வந்தான். பிறகு ஒரு மிஷனரி சங்கம் அவர்களை எடுத்துக்கொண்டது. ஒடிசாவில் ஒரு மலையூர். ஐம்பது பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி. அவன் வார்டன். அவள் சமையலும் தாய் ஸ்தானமும். ஒன்பது வயது மகள் பெனினாவுக்கு ஜூனில் அங்கேயே பள்ளிக்கூடம்.

"ஏன்டி, ஆரணில உன் சாமிக்கு ஆளே கெடக்கலியா? ஒடிசாதான் கேக்குதா?"

"இங்க நீ இருக்கியேக்கா, ஊருக்கு ஒரு ஆளு போதும்னு வுட்டுட்டாரு."

அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்த பிறகு, எதிரில் வேறொரு முகத்தை வைத்து எப்படி வேலை செய்வது? ஆனாலும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசியில் ஒரு பாவு. பிணைப்பு ஏறக்குறைய முடிந்த உச்சியில் அவள் கிணற்றடிக்குப் போனாள். நான் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு எழுந்தவள், சும்மா அவள் பக்கத்து இழைகளின்மேல் புறங்கையை ஓட்டினேன். ஒரு இழை பிரிந்து தொங்கியது. மதியின் முறுக்கு பிரிந்து நான் பார்த்ததே கிடையாது. இன்னொன்றை இழுத்தேன், அதுவும் வந்துவிட்டது. அவசரம் அவசரமாகத் தேடினேன். பதினாலு.

பச்சையப்பன் நல்ல மனுஷன்தான், ஆனால் இழை அறுந்தால் வாய் சும்மா இருக்காது. ஊரைவிட்டுப் போகிற நேரத்தில் அவள் அவரிடம் பேச்சு வாங்க வேண்டாம் என்று நினைத்தேன். திருநீறு தொட்டுப் பதினாலையும் நானே முறுக்கி வைத்துவிட்டேன். மனசு ஒடிசாவில் இருக்கிறது, கை எங்கே இங்கே இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் திரும்பி வந்தாள், ஒன்றும் தெரியாது. சாயங்காலம் பச்சையப்பன் பாவை முன்னால் இழுத்தார். மதி தறி ஓரத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு இழைகூட அறவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தூசி விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தையில் அடுத்த பாவு. சந்தன நிறப் பட்டு. வேலையின் நடுவே இழைமேல் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. யாருடையது என்று இருவரும் அவரவர் கையைத் திருப்பிப் பார்த்தோம். மதியின் உள்ளங்கையில் ஊக்கு ஆழமாய்க் குத்தி நின்றுகொண்டிருந்தது. ஜாக்கெட்டிலிருந்து கழன்றிருக்கிறது. அவள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "பேஜாருக்கா" என்று தண்ணீர் தொட்டு இழையைத் துடைத்தாள். கையைப் பார்க்கவே இல்லை. அன்று உச்சியில் அவள் எழுந்து போனதும் நான் பிரித்துப் பிணைத்தது அறுபதுக்கு மேல்.

அவள் முழங்கைக்குக் கீழே வெளுப்பாக ஒரு வட்டம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கேட்டேன். "தேமலுக்கா, களிம்பு போட்டுகினு இருக்கேன்" என்றாள். அந்த நோயின் பேர் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன். சொன்னால் உண்மையாகிவிடும் என்கிற பயம்.

பங்குனியில் மூன்றாவது பாவு. அவள் பக்கம் நூற்றுக்கணக்கில் என் முறுக்குதான். எண்ணவில்லை. ஜெபம் அன்றைக்கு நீண்டுபோனது, அதனால் எனக்கு நேரம் கிடைத்தது. பாவை இழுத்தார்கள். ஒன்றும் அறவில்லை. மதி என்னைக் கட்டிக்கொண்டு, "போறதுன்னு முடிவாயிட்சிக்கா" என்றாள். அது என்ன இன்றைக்குப் புதிதாக முடிவாவது என்று நான் கேட்கவில்லை.

மே மாதம் சபையில் வழியனுப்புக் கூட்டம் நடந்தது. பெனினாவுக்கு டி.சி. வாங்கியாயிற்று. வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். பீரோவும் கட்டிலும் கைமாறிப் போயின. காட்பாடியிலிருந்து ஜூன் ஒன்பதாம் தேதி ரயில். சங்கத்தில் உடல்நலச் சான்று மட்டும் கேட்டிருந்தார்கள். சந்திரமோகனுக்குச் சேத்துப்பட்டில் அன்று ஒரு கூட்டம், அதனால் வேலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவளோடு நான்தான் பஸ் ஏறினேன்.

ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா அவள் முழங்கையைத் திருப்பினார். அந்த வெளுப்பு வட்டத்தைப் பார்த்ததும் அவர் பேச்சு நின்றது. முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார்.

"கண்ண மூடிக்கங்கம்மா. தொடுற எடத்துல எல்லாம் தொட்டீங்கன்னு சொல்லுங்க."

மதி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா உள்ளங்கையில் தொட்டார். கட்டை விரலில் தொட்டார், ஆள்காட்டி விரலில், சுண்டு விரலில், மணிக்கட்டில். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எட்டு இடம். மதி கண்ணைத் திறக்காமல், மரியாதையாக, "நான் ரெடிங்க, ஆரம்பிங்க டாக்டர்" என்றாள்.

பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தொழுநோய் என்று டாக்டரம்மா பேரைச் சொல்லியே பேசினார். மறைக்கவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. ஒரு வருஷம் மாத்திரை, அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது, நிச்சயம் குணமாகும். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்கு ஒட்டாது. வீட்டிலிருப்பவர்களையும் கூட வேலை செய்பவர்களையும் சோதிக்க வேண்டும். என்னையும்தான்.

"உணர்ச்சி போயி எத்தன நாளாச்சு?"

"தெரியலிங்க" என்றாள் மதி.

"ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா நரம்ப ஓரளவு திருப்பி எடுத்திருக்கலாம். இப்பவும் மருந்து தரேன், முயற்சி பண்ணலாம். ஆனா போன உணர்ச்சி திரும்பும்னு நான் உறுதி சொல்ல முடியாது."

ஆவணியிலிருந்து மே வரை நான் விரல் விட்டு எண்ணினேன். ஐப்பசியில் அந்தப் பதினாலு இழையும் அறுந்திருந்தால் பச்சையப்பன் கத்தியிருப்பார், இவள் கையைத் திருப்பிப் பார்த்திருப்பாள், ஆறு மாசத்துக்குள் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பாள். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். நான் தலையாட்டிவிட்டேன், தெரியாது என்று. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஜூன் ஒன்பதாம் தேதி ரயில் அவர்கள் இல்லாமல் போனது. சங்கத்திலிருந்து அன்பாகத்தான் எழுதினார்கள். சிகிச்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம், பிள்ளைகள் காத்திருக்க முடியாது, வேறு குடும்பத்தை அனுப்புகிறோம் என்று. டி.சி. வாங்கிய பள்ளிக்கூடத்திலேயே பெனினாவைத் திரும்பச் சேர்த்தார்கள். காலி செய்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றில் குடியேறினார்கள். சந்திரமோகன் தறி ஷெட்டு வேலைக்குத் திரும்பினான். யார் கேட்டாலும், "கர்த்தர் பாத்துக்குவாரு" என்றான். பொய்யாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினான். மதி ஜெபத்துக்குக்கூடப் போகவில்லை.

குழாயடியில் சில பேர் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். நான் போய் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தேன். அவளுடைய டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு எல்லோர் முன்னாலும் குடித்தேன். இதெல்லாம் செய்தது அவளுக்காகவா, என் நெஞ்சில் இருந்த முள்ளுக்காகவா?

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தகப்பனும் மகளும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். நான் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு போனேன். மதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்க ஆரம்பித்திருந்தன. அவற்றை இடது கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள், டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி.

"நீ சர்ச்சுக்குப் போகலியா?"

"அவரு எனக்குப் பொய் சொல்ட்டாருக்கா."

"யாரு, சந்திரமோகனா?"

"கர்த்தரு."

அவளே சொன்னாள். ஆவணியில் டீ டம்ளரைப் பிடித்த அன்றே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சிரித்தது எனக்காக. டாக்டரிடம் போகப் பயம், போனால் ஒடிசா போய்விடும். புருஷனிடம் சொல்லவும் பயம். அதனால் கிணற்றடியில் உட்கார்ந்து கர்த்தரிடம் அடையாளம் கேட்டிருக்கிறாள். 'என் பக்கத்து இழை ஒன்று அறுந்தாலும் நான் ஒடிசா போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஒன்றுகூட அறாவிட்டால் என் கை நல்ல கை, நீர் என்னை அனுப்புகிறீர் என்று எடுத்துக்கொள்கிறேன்' என்று.

"ஒரு வாட்டி போதாதுன்னு மூணு வாட்டி கேட்டேங்க்கா. மூணு வாட்டியும் போ போன்னுதான் சொன்னாரு. ஒரு இழை அறலியே. இந்தக் கைய வெச்சிகினு எப்டி அறாம இருந்துச்சு? அவரு புடிச்சிகினு இருந்தாருன்னுதானே நெனச்சேன்? புடிச்சிகினு இருந்தவரு ஏங்க்கா இப்டி வுட்டாரு?"

அவள் கிணற்றடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அதே பத்து நிமிஷத்தில், நான் உள்ளே உட்கார்ந்து பதிலை மாற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். கோழைத்தனம், வேறென்ன.

மூன்று நாள் தறிப் பக்கம் போகவில்லை. சொன்னால் அவள் விரல்களைத் தின்றவள் நான் என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவள் சாமி பொய்யர் என்று நினைத்தே காலம் தள்ளுவாள். எனக்கு அவளுடைய சாமி வேண்டியதில்லை, என் அம்மன் எனக்குப் போதும். ஆனால் பால் பொங்கியதைக்கூட அவரிடம் சொன்னவள் இவள். விரல் போனதும் இல்லாமல் அவரும் போனால் இவளிடம் என்ன மிச்சம் இருக்கும்? நாலாவது நாள் காலையில் போனேன்.

"மதி, அந்தப் பாவெல்லாம் அறாம இருந்ததுக்குக் காரணம் உன் சாமி இல்ல. நான். நீ எழுந்து போனப்போ எல்லாம் நான்தான் உன் பக்கம் பிணைச்சேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"மொத வாட்டியுமா?"

"மொத வாட்டியுந்தான்."

"எத்தன?"

"பதினாலு."

அவள் உதடு மட்டும் அசைந்தது. அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் எனக்கும் லேசாகியிருக்கும்.

"ஒரு இழை போதும்னு கேட்டேன்" என்றாள். "பதினாலு இழையில சொல்லியிருக்காரு. போகாத, போகாதன்னு பதினாலு வாட்டி சொல்லியிருக்காரு." அழ ஆரம்பித்தாள். அழுகைக்கு நடுவிலேயே, "அவரு பொய் சொல்லலக்கா, பொய் சொல்லல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. காலைப் பிடித்தேன். அவள் தள்ளிவிடவும் இல்லை, தூக்கிவிடவும் இல்லை.

வெகுநேரம் கழித்து, "நான் நூலுகிட்ட போய்க் கேட்டதே தப்பு" என்றாள். "நம்பறவ எதுக்கு அடையாளம் கேக்கணும்? டாக்டராண்ட போய்க் கைய நீட்டியிருக்கணும். இனிமே கேக்க மாட்டேன். எங்க வெச்சிருக்காரோ அங்க இருக்கேன்." பிறகு என்னைப் பார்க்காமலே, "நீ இப்ப போக்கா" என்றாள். போனேன். அந்த ஞாயிறு அவள் ஆராதனைக்குப் போனதாகப் பெனினா வந்து சொன்னாள்.

பதினைந்து நாள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் பச்சையப்பன் வீட்டில், என் எதிரில், இடது ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் நோய் தெரிந்துதான் அவர் அவளைக் கூப்பிட்டிருந்தார். இடது கையால் முறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். உச்சியில் வழக்கம்போல எழுந்து கிணற்றடிக்குப் போனாள். அவள் பக்கத்தில் இழைகள் பிரிந்து தொங்குவது நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷமும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மருந்துக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கிறது. விரலில் உணர்ச்சி வரவில்லை. பெனினாவை வருஷா வருஷம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள், இதுவரை ஒன்றுமில்லை. பாவாடை சட்டையில் அவள் ஓடும்போது என் கண் தானாக அவள் முழங்கைக்குப் போகிறது. தினமும் காலையில் காபி டம்ளரை வெறும் விரலால் தொட்டுப் பார்க்கிறேன். சுட்டால் நிம்மதி. ஒடிசாவைப் பற்றி மதி பேசுவதில்லை, சந்திரமோகன் மட்டும் எப்போதாவது பேசுகிறான்.

அவள் திரும்பி வந்த அன்று சாயங்காலம் பாவை இழுத்தபோது அவள் பக்கம் பட் பட்டென்று அறுந்தது. பச்சையப்பன் வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மதி குனிந்து அறுந்த நுனி ஒன்றை எடுத்தாள். இடது கையால் சாம்பல் தொட்டாள், நிதானமாக முறுக்கினாள்.

"இழுத்துப் பாருக்கா, புடிச்சிக்கிச்சா?"

இழுத்தேன். இழை என் கையோடு வந்துவிட்டது.

"புடிக்கல மதி, வுட்டுட்சி" என்றேன்.

அவள் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திரும்பவும் சாம்பலைத் தொட்டாள்.